திரும்பி நின்ற தட்டு

உறைபெட்டியைத் திறந்ததும் வெண்மூட்டம் வழிந்து தரைக்கு இறங்கி, அவள் கணுக்காலைச் சுற்றிக்கொண்டு நின்றது. செருப்போடு மேகத்தில் நிற்பது போல இருந்தது. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை இந்த நாள் வரும். பெட்டிக்குள் படிந்த பனியைக் கரைக்க வேண்டும், பழைய தட்டுகளை எண் பார்த்துக் குப்பைக்கு அனுப்ப வேண்டும்.

ஆய்வகத்தில் அவளைச் சொட்டு என்றுதான் கூப்பிடுவார்கள். பதினான்கு வருடமாக அவள் செய்வது ஒரே வேலை. குழாயிலிருந்து ஒரு சொட்டு எடுத்துக் குழிக்குள் விடுவாள். உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய பிளாஸ்டிக் தட்டு அது. எட்டு வரிசை, வரிசைக்குப் பன்னிரண்டு குழி, ஆக மொத்தம் தொண்ணூற்றாறு. குழிக்கு ஒரு குழந்தை. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் சாயங்காலத்தில் விளக்கேற்றிய ஊர் போலத் தெரியும். தொண்ணூற்றாறு ஜன்னல்கள், ஒவ்வொன்றிலும் யாரோ ஒருத்தி.

குழியில் இருப்பது எச்சிலிலிருந்து பிரித்தெடுத்தது. கன்னத்தின் உட்புறம் எப்போதும் செல்களை உதிர்த்துக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு செல்லுக்குள்ளும் அம்மாவிடமிருந்து பாதி, அப்பாவிடமிருந்து பாதி என்று வந்த நீண்ட எழுத்துச் சரம். அதில் ஆளுக்கு ஆள் மாறுகிற இடங்கள் லட்சக்கணக்கில் உண்டு. தனியாகப் பார்த்தால் எந்த இடமும் பெரிதாக ஒன்றும் செய்துவிடாது. நிறையப் படித்தவர்களிடம் இந்த எழுத்து ஒரு இம்மி அதிகம், அந்த எழுத்து ஒரு இம்மி குறைவு, அவ்வளவுதான். அந்த இம்மிகளையெல்லாம் கூட்டினால் ஒரு எண் வரும். அரசாங்கம் அதற்கு வாய்ப்பு எண் என்று பெயர் வைத்தது. ஊர் எச்சில் மார்க் என்றது.

நல்ல எண்ணத்தில் வந்த ஏற்பாடுதான். பரீட்சை வைத்தால் டியூஷனுக்குப் போன பிள்ளைதான் முந்துகிறது; எச்சில் டியூஷனுக்குப் போகாது. அதனால் பதினோரு வயதில் எல்லாரிடமும் எச்சில் வாங்கி, எண் அதிகமுள்ளவர்களை, யார் வீட்டுப் பிள்ளையாக இருந்தாலும், நல்ல வகுப்பில் உட்கார வைத்தார்கள். அவள் மகளின் பள்ளியில் அது மாடி வகுப்பு. இருபத்து நான்கு பேர், பன்னிரண்டு நுண்ணோக்கிகள், ஜன்னலுக்கு வெளியே ஒரு தூங்குமூஞ்சி மரம். மற்ற எழுபது பேரும் கீழே இரண்டு அறைகளில் இருந்தார்கள்.

மகள் மாடியில். எண் எழுபத்தொன்று. அந்தச் செய்தி வந்த அன்றைக்குச் சொட்டின் கணவர் வேலை பார்க்கும் இடம் முழுக்க மிட்டாய் கொடுத்தார். அவர் லிஃப்ட் மெக்கானிக். ஒவ்வொரு மாடியாக ஏறிக் கொடுத்திருக்கிறார்.

குப்பைக்குப் போக வேண்டிய தட்டுகளில் பதினேழாவதை எடுத்தபோது சொட்டின் கை நின்றது. பார்கோடு வில்லை லேசாகச் சாய்ந்திருந்தது. சாய்த்து ஒட்டுவது அவள் வழக்கம், அதில் ஒன்றுமில்லை. ஆனால் அது தட்டின் வலது ஓரத்தில் இருந்தது.

இதில் ஒரு சின்ன விஷயம் உண்டு. தட்டுக்கு முகம் கிடையாது. அரை வட்டம் சுற்றி வைத்தாலும் அதே தட்டுப் போலத்தான் இருக்கும். எது முதல் குழி என்று சொல்ல ஓரத்தில் எழுத்துப் புடைத்திருக்கும். அதுவும் கண்ணாடி மேல் கண்ணாடி மாதிரி, தேடினால்தான் தெரியும். இயந்திரம் அதைப் பார்ப்பதில்லை. பார்கோடு எந்தப் பக்கமோ அதுதான் இடது என்று எடுத்துக்கொள்ளும். வலது ஓரத்தில் ஒட்டினால் முதல் குழியைக் கடைசிக் குழி என்று படிக்கும், இரண்டாவதைக் கடைசிக்கு முந்தினது என்று படிக்கும். ஊரே தலைகீழாக, எதிர் வீட்டுக் கடிதம் எதிர் வீட்டுக்குப் போகும்.

அதனால்தான் ஆய்வகத்தில் கடைசிக் குழியை வெறுமையாக விடும் பழக்கம். தட்டு திரும்பிப் போனால் வெறுமை முதல் குழியில் தெரியும். கணினி உடனே கத்தும்.

இந்தத் தட்டுக்கு ஏன் கத்தவில்லை? சொட்டு பழைய வேலைக் குறிப்பைப் புரட்டினாள். அவள் கையெழுத்துதான். 'முதல் குழி காலி, மாணவிக்குக் காய்ச்சல், எச்சில் வரவில்லை.' முதல் மூலையும் காலி, கடைசி மூலையும் காலி. எப்படித் திருப்பினாலும் ஒன்றே. ஆண் பெண் பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்றால் அது பெண்கள் பள்ளி. அடுத்த வரியில் இன்னொரு குறிப்பு இருந்தது: 'குழாய் ஒழுகி என் மேசை நனைந்துவிட்டது. எதிர்ப்பக்கம் உட்கார்ந்து வேலை.'

எதிர்ப்பக்கம். மூடி போட்டுத் தயாராக இருந்த தட்டுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, கண்ணால் பார்க்காமல், வழக்கம் போலத் தன் இடது கைப் பக்கம் வில்லையை ஒட்டியிருக்கிறாள்.

தட்டு எந்தப் பள்ளியுடையது என்று அவளுக்கு ஏற்கெனவே தெரியும், மகளுடைய பள்ளி. மகளின் கழுத்து அட்டையில் உள்ள எண்ணைத் தினமும் சீருடை தேய்க்கும்போது பார்க்கிறாள். மூன்று, நான்கு; அதாவது தட்டில் மூன்றாம் வரிசை, நான்காம் குழி. திருப்பிப் போட்டால் ஆறாம் வரிசை, ஒன்பதாம் குழி. கணினியில் பார்த்தாள். அந்தக் குழிக்குக் கொடுத்த எண் நாற்பத்தெட்டு. அப்படியானால் எழுபத்தொன்று இன்னொரு பெண்ணுடையது. நாற்பத்தெட்டு தன் மகளுடையது. மாடிக்கு அறுபத்து மூன்று வேண்டும்.

அடுத்த திங்கட்கிழமை அதே எண்ணை வைத்து மேல் வகுப்புகளுக்குப் பட்டியல் போடுகிறார்கள். அதன் பிறகு ஐந்து வருடம் மாற்றமில்லை.

குப்பைத் தொட்டி ஒரு கை தூரத்தில் திறந்திருந்தது. அந்தத் தட்டைக் குப்பையில் போடுவதுதான் இன்றைக்கு அவளுடைய வேலை. விரல்கள் மரத்துப்போகும் வரை பிடித்திருந்துவிட்டு, அதை உறைபெட்டியின் கடைசி அடுக்குக்குப் பின்னால் தள்ளி வைத்தாள்.

சாயங்காலம் மகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள்.

"பென்சில் பாக்ஸை மாடியிலயே விட்டுட்டேன்மா. ஒரு மணிக்கு டாண்ணு பூட்டிடறாங்க. கெஞ்சினாலும் திறக்க மாட்டேங்கறாங்க."

"எடுத்து வைக்கறதுக்கு முன்னாடி என்ன கனவு கண்டுட்டு இருந்த?"

"வெங்காயத் தோல் பார்த்துட்டு இருந்தேன். செங்கல் செங்கலா இருக்கு. ஒரு செங்கலுக்குள்ள ஒரு புள்ளி நகருதுமா."

அவள் மாடிக்குப் போய்க் கற்றுக்கொண்டது அந்தப் பார்வை. சொட்டு அவள் தலையைக் கோதிவிட்டாள்.

மகள் குளிக்கப் போனதும் கணவரிடம் சொன்னாள். அவர் கையிலிருந்த திருகுப்புளியை மேசை மேல் மெதுவாக வைத்தார்.

"யாருக்குத் தெரியும் இது?"

"எனக்கு. இப்ப உங்களுக்கு."

"அப்போ எனக்குத் தெரியாது. நீ சொல்லவே இல்ல."

"ஏங்க, விளையாடாதீங்க."

"விளையாடல. நம்ம பொண்ணு தலையில நாமே மண்ணை வாரிப் போடணுமா? ரெண்டு வருஷமா அவ நல்லாத்தானே படிக்கிறா. மார்க் வாங்கலையா? அப்புறம் எந்த நம்பரா இருந்தா என்ன?"

"அதேதான் நானும் கேக்கறேன். நாற்பத்தெட்டுன்னு சொல்லியிருந்தா வாங்கியிருப்பாளா?"

அவர் திருகுப்புளியை எடுத்து, எதையும் திருகாமல், விரலில் சுற்றிக்கொண்டிருந்தார்.

மறுநாள் சொட்டு அரை நாள் விடுப்புப் போட்டாள். எதற்கென்று தனக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை. பள்ளிக்குப் போகும் பேருந்தில் கண்ணயர்ந்தாள். கனவில் அந்தத் தட்டு பெரிதாகி ஊராக விரிந்தது. தெருக்கள் எட்டு, தெருவுக்கு வீடுகள் பன்னிரண்டு. யாரோ ஊரை மெல்லச் சுற்றினார்கள், தாம்பாளத்தைச் சுற்றுவது போல. வீடுகள் ஆடவில்லை, விளக்குகள் அணையவில்லை, பெண்கள் ஜன்னலோரம் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். வாசல்களில் தொங்கிய பெயர்ப் பலகைகள் மட்டும் கழன்று, இலை போல மிதந்து, எதிர்த் தெருவுக்குப் போயின.

பள்ளியில் மதிய இடைவேளை. கீழ் வகுப்பின் நடையில் ஒரு பெண் தனியாகச் சப்பணமிட்டு உட்கார்ந்து, கண்ணாடிப் பிளாஸ்டிக் அளவுகோலைத் தரையோடு தரையாகப் பிடித்துக் குனிந்திருந்தாள். கழுத்து அட்டையில் ஆறு, ஒன்பது என்றிருந்தது. சொட்டு தேடி வந்தது இந்த எண்ணைத்தான். ஆனாலும் இவ்வளவு சுலபமாகக் கிடைக்கும் என்று நினைக்கவில்லை.

"என்ன பண்றே?"

"தண்ணிச் சொட்டு ஆன்ட்டி. அளவுகோல் மேல ஒரு சொட்டு வெச்சு, அதுக்குள்ள பார்த்தா எறும்புக் கால்ல முடி தெரியும்."

"பெரிய சொட்டா வெச்சா இன்னும் பெருசாத் தெரியுமா?"

அந்தப் பெண் நிமிர்ந்து, இவளுக்கு ஒன்றும் தெரியாது போலிருக்கிறது என்று பார்த்தாள். "இல்ல. பெரிய சொட்டு பரந்துடும், தட்டையா ஆயிடும். சின்னச் சொட்டுதான் உருண்டையா நிக்கும். எவ்வளவு உருண்டையோ அவ்வளவு பெருசாக் காட்டும். ஆனா சின்னச் சொட்டு சீக்கிரம் காஞ்சிடும். அதுதான் தொல்லை."

பதினான்கு வருடமாகச் சொட்டு வைப்பவளுக்கு இது தெரியும். பதிமூன்று வயதில் அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை.

"டீச்சர் சொல்லிக் கொடுத்தாங்களா?"

"மைக்ரோஸ்கோப் மாடியிலதான் இருக்கு. நாங்க கீழ." அவள் சிரித்தாள். "எனக்கு மூளை கம்மின்னு மெஷின் சொல்லிடுச்சு ஆன்ட்டி. எங்கப்பா மெஷின்கிட்டயே சண்டைக்குப் போறேன்னாரு. நான்தான் விடுப்பா, அது பாவம், எச்சில் குடிச்சுப் பொழைக்குதுன்னேன்."

சொட்டும் சிரித்தாள். பையிலிருந்து ஆய்வகத்தின் சொட்டுக் குழாய் ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். ஒரே அளவில் சொட்டு விழும்.

வியாழக்கிழமை காலை தட்டைக் கொண்டுபோய் மேலாளர் மேசையில் வைத்தாள். அவரைத் தராசு சார் என்பார்கள். ஒரு சொல்லைப் பேசுமுன் இரண்டு பக்கமும் வைத்துப் பார்ப்பவர். முழுவதையும் கேட்டார். நான்கு பெண்களின் பழைய எச்சில் குழாய்களை எடுத்து இயந்திரத்தில் மறுபடி ஓட்டச் சொன்னார். சாயங்காலம் முடிவு வந்தது. நான்கு எண்களும் எதிர்க் குழிக்குத் திரும்பித்தான் இருந்தன.

"உன் பொண்ணும் இதுல இருக்கா, இல்லையா?"

"இருக்கா சார்."

அவர் தட்டை எடுத்து மேசை மேல் அரை வட்டம் சுற்றி வைத்தார். பிறகு அவருடைய முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் வந்தது.

"சொட்டு, நீ என்ன பண்ணி வெச்சிருக்கேன்னு உனக்குத் தெரியுதா? எண் நிறைய இருக்கற பிள்ளைக்கு நல்ல வகுப்பு குடுக்கறோம். அப்புறம் நல்லாப் படிக்குது. எண்ணால படிச்சுதா, வகுப்பால படிச்சுதா? பிரிக்கவே முடியாது. எண்ணைக் குடுத்த அப்பா அம்மாதான் வீட்டையும் குடுக்கறாங்க, அதையும் பிரிக்க முடியாது. பாலும் தண்ணியும் மாதிரி. உன் கை அதைப் பிரிச்சிடுச்சு. யாருக்கு மாடின்னு முடிவு பண்ணது அவங்க எச்சிலும் இல்ல, வீடும் இல்ல. எதிர்க் குழியில யார் இருந்தாங்கறதுதான்."

வெள்ளிக்கிழமை பள்ளியிலிருந்து இரண்டு வருட மதிப்பெண்கள் வந்தன. ஒரு பெரிய தாளில் ஆளுக்கொரு புள்ளி வைத்தார்கள். உண்மை எண் கூடக் கூடப் புள்ளி வலப்பக்கம் போகும், மதிப்பெண் கூடக் கூட மேலே போகும். சொட்டுதான் வைத்தாள். தாள் நிறைய நிறைய இரண்டு மேகங்கள் உருவாயின. மேலே ஒன்று, மாடி வகுப்பு. கீழே ஒன்று. நடுவில் பதினான்கு மதிப்பெண் அகலத்துக்கு வெறும் வெள்ளை. மேல் மேகத்தில் இருந்தவர்களில் பாதிக்கு மேல் உண்மையில் எண் குறைந்தவர்கள்.

"அப்போ எண்ணு சும்மாவா சார்?"

"கண்ணைச் சுருக்கிப் பாரு."

பார்த்தாள். ஒவ்வொரு மேகமும் வலப்பக்கம் மெல்ல ஏறியிருந்தது. கோலிகுண்டை வைத்தால்தான் தெரியும் தரைச் சரிவு போல, லேசாக. ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு மூன்று மதிப்பெண்.

"இருக்கு," என்றார் தராசு சார். "சின்னதா இருக்கு. இல்லைன்னு சொன்னா அதுவும் பொய். ஆனா சரிவு மூணு, படிக்கட்டு பதினாலு."

மேகத்தில் மகளின் புள்ளி எது என்று அவளுக்குத் தெரிந்தது. மேல் மேகம், இடது ஓரம். ஆறாம் வரிசை ஒன்பதாம் குழியையும் தேடினாள். கீழ் மேகத்தில் வலது ஓரத்தில் இருந்தது, தன் மேகத்தைவிடக் கொஞ்சம் தூக்கலாக, நீரிலிருந்து மூக்கை நீட்டும் மீன் போல.

அன்றைக்கே மகளிடம் சொன்னாள். சுற்றி வளைக்காமல், தட்டு, வில்லை, எதிர்ப்பக்கம் என்று எல்லாவற்றையும் ஒரு காகிதத்தில் வரைந்து காட்டினாள். மகள் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அப்போ நான் இத்தனை நாள் அவ இடத்துலயா உட்கார்ந்திருந்தேன்?"

"ஆமா."

"அந்த வெங்காயச் செங்கல்லாம் அவளோடதா?"

"நீ பார்த்தது உன்னோடதுதான்."

மகள் எழுந்து போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். அதிலிருந்து அம்மாவோடு நேராகப் பேசவில்லை. பேச வேண்டியதையெல்லாம் அப்பாவிடம் சொல்லி, "அம்மாகிட்ட சொல்லிடுங்க," என்றாள். அவரும் அடுத்த அறையிலிருந்து, "கேட்டுச்சா, தோசை வேணாமாம்," என்று லிஃப்ட் போல ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை பெற்றோர் கூட்டம். தலைமையாசிரியை பிழை நடந்ததைச் சொன்னார். எண்கள் திருத்தப்படுகின்றன, விதி விதிதான், பதினெட்டுப் பேர் மாடிக்குப் போவார்கள், பதினெட்டுப் பேர் கீழே வருவார்கள். தராசு சார் எழுந்து அந்தத் தாளைச் சுவரில் ஒட்டி, இரண்டு மேகங்களையும் நடுவிலுள்ள வெள்ளையையும் விளக்கினார். அம்மாக்களும் அப்பாக்களும் அண்ணாந்து பார்த்தார்கள். அவரவர் பிள்ளை எந்தப் புள்ளியோ என்று தேடினார்கள்.

"விளக்கம் நல்லாயிருக்கு சார்," என்றார் தலைமையாசிரியை. "ஆனா மாடியில இருபத்து நாலு நாற்காலிதான் இருக்கு. நான் என்ன பண்ண?"

பின் வரிசையில் உட்கார்ந்திருந்த சொட்டின் மகள் கையைத் தூக்கினாள். முகம் சிவந்திருந்தது.

"மேடம், என் பென்சில் பாக்ஸை இன்னைக்கும் மேலயே விட்டுட்டேன். நாளைக்கு நான் கீழ வந்துடுவேன். மதியம் போய் எடுத்துக்கலாமா?"

"மதியம் பூட்டியிருக்கும்மா. காலையிலயே எடுத்துடு."

"ஏன் பூட்டியிருக்கு?"

கேட்டது கணவர். சொட்டு திரும்பிப் பார்த்தாள். அவர் வேறெதையும் யோசித்துக் கேட்கவில்லை என்று அந்த முகமே சொன்னது. ஓடக்கூடிய இயந்திரம் நின்று கிடந்தால் அவருக்கு எங்கே பார்த்தாலும் இதே கேள்விதான்.

"மாடி வகுப்பு ஒரு மணி வரைக்கும்தான். அப்புறம் எல்லாருக்கும் கீழ பாட்டு, விளையாட்டு."

"அப்போ பன்னெண்டு மைக்ரோஸ்கோப்பும் அரை நாள் உறை போட்டுத் தூங்குது." அவர் சுவரிலிருந்த தாளைக் காட்டினார். "நான் லிஃப்ட் பார்க்கறவன் மேடம். மேல போய் இறங்கறவன் ஒவ்வொருத்தனும் தான் எம்பினதாலதான் பெட்டி ஏறுச்சுன்னு நெனச்சுக்கறான். ஏத்தறது மோட்டார். அது மதியமும் ஓடும். ஆள் ஏத்தினா போதும்."

யாரோ சிரித்தார்கள். யாரோ, "ஆமாங்க, மதியம் ஏன் சும்மா கெடக்கு?" என்றார்கள். பிறகு கூடம் முழுக்க அதே கேள்வி, குழாயைத் திறந்துவிட்டது போல. தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஆசிரியர் ஒருவர்தான் இருக்கிறார், அவர் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு பருவம் மட்டும் பார்க்கலாம் என்றார். காலையில் எண் உள்ளவர்கள். மதியம் கீழ் வகுப்பு, முறை வைத்து.

மறுநாள் காலை பதினெட்டுப் பேர் இறங்க, பதினெட்டுப் பேர் ஏறினார்கள். சொட்டு வாயிற்கதவருகே நின்று பார்த்தாள். படிக்கட்டில் இரண்டு வரிசைகள் சத்தமில்லாமல் ஒன்றை ஒன்று உரசிக்கொண்டு கடந்தன. மகள் பென்சில் பாக்ஸை மார்போடு அணைத்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக இறங்கி வந்தாள். எதிரில் அளவுகோலைப் பிடித்துக்கொண்டு ஏறியவள் ஒரு நொடி நின்று எதையோ சொன்னாள். மகள் தலையை ஆட்டினாள்.

ஒவ்வொரு கீழ் வகுப்புக்கும் முறை வாரத்தில் இரண்டு மதியம் வந்தது. காலை வகுப்பினர் விருப்பமிருந்தால் கூட இருக்கலாம். அளவுகோல்காரி ஒரு மதியம்கூடக் கீழே இறங்கவில்லை. மூன்றாவது வாரம் மகள் பையை வீசிவிட்டு அடுக்களை வாசலில் நின்றாள். நேராக அம்மாவிடமே பேசினாள்.

"ஒரே மைக்ரோஸ்கோப்புல நானும் அவளும். அவ ஒரு திருகுல ஃபோகஸ் பண்ணிடறா. எனக்கு அஞ்சு நிமிஷம் ஆகுது. எரிச்சலா வருது."

"அவ வேகமாத்தான் பண்ணுவா."

"எண்ணுனாலயா?"

"கொஞ்சம் அது. கொஞ்சம் ரெண்டு வருஷமா அளவுகோல்லயே பழகினது. எவ்வளவு எதுன்னு ஒருத்தியை வெச்சுச் சொல்ல முடியாது. தொண்ணூறு பேர் சேர்ந்தாத்தான் மங்கலாத் தெரியும்."

"பொறாமையா இருக்குமா."

"இருக்கட்டும். உன் முறை வர்றப்ப நகராத. அஞ்சு நிமிஷம்னா அஞ்சு நிமிஷம் பாரு."

மகள் யோசித்தாள். பிறகு பையிலிருந்து புது அளவுகோல் ஒன்றை எடுத்தாள். குழாயடியில் விரலை நனைத்து, அதன் மேல் ஒரு சொட்டு வைத்தாள். பரந்துவிட்டது. துடைத்து, இன்னும் சின்னதாக வைத்தாள். நின்றது.

"கையைக் குடும்மா. சீக்கிரம், காஞ்சிடும்."

சொட்டு கட்டைவிரலை அளவுகோலுக்கு அடியில் நீட்டினாள். மகள் ஒரு கண்ணை மூடிக் குனிந்தாள். மாலை வெயில் சொட்டுக்குள் இறங்கி அதை விளக்காக்கியது. அதற்குள் அம்மாவின் விரல் ரேகைகள் மேடும் பள்ளமுமாக, உழுத வயல் போல வளைந்து வளைந்து போயின.

"அசையாத," என்றாள் மகள். "இன்னும் பார்த்து முடிக்கல."